பீட்டாவுக்குள் ஒளிந்திருக்கும் ஊர்

தொற்றுநோய்க் கணிதத்தின் அடிப்படைச் சமன்பாட்டில் பீட்டா என்றொரு எண் உண்டு. நோயுள்ள ஒருவர் ஒரு நாளில் எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கக்கூடும் என்பதை அது சொல்கிறது. பாடநூல்கள் பெரும்பாலும் அதை மாறிலியாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஆனால் அது இரண்டு எண்களின் பெருக்கற்பலன். ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை பேரோடு நெருங்குகிறார் என்பது ஒன்று. அப்படி நெருங்கும் ஒவ்வொரு முறையும் கிருமி தாவுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பது மற்றொன்று. இரண்டாவதில் கிருமியின் குணத்துக்கு நிறையப் பங்குண்டு. முதலாவது முழுக்க மனிதர் விவகாரம். ஆவடியில் காலை மின்சார ரயிலைப் பிடித்து, கதவோரம் நெருக்கி நின்றபடி சென்ட்ரல் போகிறவருக்கும், அதே ஆவடியில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டோடு இருப்பவருக்கும் ஒரே பீட்டா பொருந்தாது. அந்த ரயில் பயணியே செய்தியைக் கேட்டுப் பயந்து இரண்டு நாள் விடுப்பு போட்டால், அவருடைய எண்ணும் அன்றே மாறிவிடும்.

சமன்பாட்டின் வேர்கள் பாதிக்கு மேல் இந்தியாவில் இருக்கின்றன. 1897-ல் செகந்திராபாத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் கண்டறிந்த ரொனால்ட் ராஸ், பிற்பாடு ஒரு கணக்குப் போட்டார். மலேரியாவை அடக்கக் கொசுக்களை முற்றாக ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே போதும் என்பது அதன் முடிவு. ராஸோடு பழகி இந்தப் பாதைக்கு வந்தவர் ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றியவர். ஊர் திரும்பிய பிறகு எடின்பரோவில் வில்லியம் கெர்மாக் என்ற வேதியியலாளருடன் சேர்ந்து 1927-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மக்களை நோய் வரக்கூடியவர், நோயுள்ளவர், நோயிலிருந்து விலகியவர் என்று மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்கள் நகரும் வேகத்தைச் சமன்பாடுகளாக எழுதிய அந்தக் கட்டுரைதான் இன்றுவரை எல்லா மாதிரிகளுக்கும் தாய்.

அவர்கள் தங்கள் வளைவை 1905–06-ல் பம்பாயில் நிகழ்ந்த பிளேக் மரணங்களின் மேல் பொருத்திப் பார்த்தார்கள். அழகாகவே பொருந்தியது. பிளேக்கோ எலியும் தெள்ளுப்பூச்சியும் கடத்தும் நோய். மனிதரிடமிருந்து மனிதருக்கு நேராகத் தாவும் என்று கொண்டது அந்தச் சமன்பாடு. மேலும், 1896-ல் பிளேக் முதன்முதலில் தலைகாட்டியபோது பம்பாய் மக்கள் லட்சக்கணக்கில் நகரைவிட்டு ஓடினார்கள் என்பது வரலாறு. சமன்பாட்டில் யாரும் ஓடவில்லை. எல்லோரும் நின்ற இடத்தில் நின்று, எப்போதும்போல் பழகி, நோயை வாங்கிக்கொள்கிறார்கள். வளைவு பொருந்துவது வேறு, காரணம் சரியாக இருப்பது வேறு என்ற பாடம் இந்தத் துறையின் முதல் படத்திலேயே இருக்கிறது. அதை உரிய கவனத்தோடு படிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

பழகும் அளவு மாறினால் என்ன ஆகும் என்பதை எளிய மாதிரியிலேயே பார்க்கலாம். ஒரு லட்சம் பேர் வாழும் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத தொடக்கத்தில், நோயுள்ள ஒருவர் சராசரியாக 2.5 பேருக்கு நோயைக் கொடுக்கிறார். இதுவே அடிப்படைப் பரவல் எண். யாரும் எதையும் மாற்றிக்கொள்ளாவிட்டால், உச்சத்தில் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 23,000 பேர் நோயோடு இருப்பார்கள். எல்லாம் ஓய்ந்து பார்த்தால் 89,000 பேருக்கு நோய் வந்துபோயிருக்கும். இப்போது அதே ஊர் தன் பழக்கத்தை 40 விழுக்காடு குறைத்துக்கொள்கிறது. பரவல் எண் 1.5 ஆகிறது. உச்சத்தில் நோயோடு இருப்பவர்கள் 6,300 பேர்தான். மொத்தம் பாதிக்கப்படுவோர் 58,000. பழக்கம் பாதிகூடக் குறையவில்லை. மருத்துவமனைக் கட்டிலுக்கான நெருக்கடி மட்டும் கிட்டத்தட்ட நான்கில் ஒன்றாகிவிடுகிறது. நோய் பெருக்கல் கணக்கில் வளர்வதால், நடத்தையில் ஏற்படும் சிறு மாற்றமும் பெருக்கிக்கொண்டே போகிறது.

முகக்கவசத்தில் இந்தப் பெருக்கல் இன்னும் வெளிப்படை. கவசம் இரு பக்கமும் வேலை செய்கிறது. அணிந்தவரிடமிருந்து கிருமி வெளியே போவதையும் தடுக்கும், அணிந்தவருக்குள் போவதையும் தடுக்கும். ஒரு கவசம் ஒவ்வொரு திசையிலும் பாதியைத் தடுக்கிறது என்றும், ஊரில் 60 விழுக்காட்டினர் அணிகிறார்கள் என்றும் வைத்துக்கொண்டால், வெளியேறுவதில் 30 விழுக்காடும் உள்வாங்குவதில் 30 விழுக்காடும் குறைகின்றன. 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கினால் 0.49. அரைகுறைக் கவசம், அரைகுறை ஒழுக்கம், இரண்டும் சேர்ந்தே பரவலைப் பாதியாக்கிவிடும். கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கி விட்டுக்கொள்வது இந்தக் கணக்கின் இரு பக்கத்தையும் ஒரே அடியாகக் கெடுக்கிறது என்பதும் இதிலேயே அடக்கம்.

இதுவரை பார்த்தது சராசரி மனிதரின் கணக்கு. நோய் சராசரி மனிதரைத் தேடிப் போவதில்லை. நூறு பேரில் 95 பேர் நாளொன்றுக்குப் பத்துப் பேரையும், மீதி ஐந்து பேர் ஆளுக்கு இருநூறு பேரையும் சந்திக்கிறார்கள் என்று கொள்வோம். ஊரின் சராசரி 19.5 சந்திப்பு. ஆனால் நடக்கும் சந்திப்புகளில் பாதிக்கு மேல் அந்த ஐந்து பேருடையவை. ஆகவே ஒரு சந்திப்பின் வழியாக நோய் வாங்குபவர் அந்த ஐவரில் ஒருவராக இருக்கும் வாய்ப்பும் பாதிக்கு மேல். நோயின் கண்ணுக்குத் தெரியும் சராசரியைக் கணக்கிட்டால் 107 வருகிறது. 19.5-ஐ வைத்துத் திட்டமிடும் நிர்வாகம் தோற்றுப்போவதில் வியப்பில்லை.

சென்னையின் மேற்குப் பகுதிக்கு அந்த 107 எங்கே இருந்தது என்பது 2020 மே மாதம் தெரியவந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளும், சாதாரண நாளில் லட்சம் பேர் வரை வந்துபோகும் நடமாட்டமும் கொண்டது கோயம்பேடு காய்கறி, பழ, பூ அங்காடி. தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 7 அன்று அறிவிக்கப்பட்டார். மார்ச் 24 மாலை முதல் மாநிலம் அடைபட்டது. பள்ளி, ஆலை, ரயில், திரையரங்கு எல்லாம் நின்றன. கோயம்பேடு மட்டும் நிற்க முடியாது. நின்றால் ஊர் பட்டினி. மற்ற எல்லாத் தொடர்புகளும் அறுந்த நிலையில், மிச்சமிருந்த தொடர்புகளெல்லாம் அந்த ஒரே இடத்தில் குவிந்தன. ஏப்ரல் 30 அன்று மாநிலத்தில் பதிவான புதிய தொற்று 161. மே 4 அன்று 527. அதில் சென்னைக்கு அடுத்தபடியாக நின்றது கடலூர், 122 பேரோடு. சந்தையில் மூட்டை தூக்கிய தொழிலாளர்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் அதே கதை. மே 5 அன்று அங்காடி மூடப்பட்டது.

அதற்கு மாற்றாக எழுந்த ஏற்பாட்டைக் கணித நோக்கில் பார்ப்பது பயனுள்ளது. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையோரம் உள்ள திருமழிசையில் வெட்டவெளியில் சுமார் 200 மொத்த விற்பனைக் கடைகள் அமைக்கப்பட்டன. மே இரண்டாம் வாரத்தில் காய்கறி வணிகம் அங்கே தொடங்கியது. பழமும் பூவும் மாதவரத்துக்குப் போயின. சில்லறைக்கு வாங்க வரும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. சமன்பாட்டின் மொழியில் சொன்னால் ஒரே நேரத்தில் மூன்று எண்கள் குறைக்கப்பட்டன. தொடர்பு வலையின் ஒரே கணுவில் குவிந்திருந்த தொடர்புகள் பிரிக்கப்பட்டன. கணுவின் அளவு சுருக்கப்பட்டது. மூடிய சந்துகளுக்குப் பதில் திறந்தவெளி வந்ததால் ஒவ்வொரு சந்திப்பிலும் தொற்றும் வாய்ப்பு இறங்கியது. மழை பெய்தால் சேறும், அழுகும் காய்கறியும் வணிகர்களுக்கு மிஞ்சின. அந்தச் செலவு எந்தப் பரவல் மாதிரியிலும் ஏறவில்லை. செப்டம்பர் 28 அன்று காய்கறி மொத்த வணிகம் கோயம்பேட்டுக்குத் திரும்பும்வரை ஏறக்குறைய நாலரை மாதம் திருமழிசைதான் சென்னைக்குச் சோறு போட்டது.

சில ஆட்கள் வழியாகவே நோயின் பெரும்பகுதி பரவுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே வலுவான சான்று கிடைத்தது. ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் தமிழ்நாடு, ஆந்திர அரசுகளின் தொடர்பறியும் பதிவேடுகளை ஆராய்ந்து 2020-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை அது. ஏறக்குறைய 85,000 நோயாளிகள், அவர்களோடு தொடர்பிலிருந்து பரிசோதிக்கப்பட்ட 5,75,000 பேர். அந்த நேரத்தில் உலகிலேயே இவ்வளவு பெரிய தொடர்புப் பதிவு வேறு எங்கும் அலசப்படவில்லை. நோயாளிகளில் 71 விழுக்காட்டினரின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று காணப்படவில்லை. வீட்டுக்குள் தொடர்பில் இருந்தவர்களில் 9 விழுக்காட்டினருக்கும், வெளிச் சமூகத்தில் 2.6 விழுக்காட்டினருக்கும் தொற்றியிருந்தது. வாகனத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து பயணித்தவர்களின் நிலைதான் மிக மோசம். தொடர்பறியும் பணியை வீடு வீடாகச் செய்த களப்பணியாளர்களின் உழைப்பு இல்லாமல் இந்தக் கட்டுரை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்தது, இந்த அத்தியாயத்தின் மையமான கேள்வி. நடத்தை நோயை மாற்றுகிறது. நோயும் நடத்தையை மாற்றுகிறதே, அதை எப்படி எழுதுவது?

இதற்கான முதல் முக்கிய முயற்சி 1978-ல் வந்தது. வின்செஞ்சோ கபாசோ, கப்ரியேல்லா செரியோ என்ற இத்தாலியக் கணிதவியலாளர்கள் கெர்மாக்–மெக்கென்ட்ரிக் மாதிரியில் ஒரு சிறு திருத்தம் செய்தார்கள். நோயாளிகள் பெருகப் பெருகத் தொற்று வேகம் அதே விகிதத்தில் ஏறிக்கொண்டே போகாது. ஒரு கட்டத்துக்கு மேல் மக்கள் ஒதுங்கத் தொடங்குவதால் தேங்கிவிடும். 2008-ல் ஜோசுவா எப்ஸ்டீனும் கூட்டாளிகளும் இன்னும் ஒருபடி போய், பயத்தையே இரண்டாவது தொற்றாக எழுதினார்கள். ஒருவருக்கு நோய் தொற்றலாம், பயம் தொற்றலாம், இரண்டும் தொற்றலாம். பயம் தொற்றியவர் வீட்டுக்குள் ஒடுங்குவார். பயம் தெளிந்ததும் வெளியே வருவார். அவர் வெளியே வரும் நேரத்தில் ஊரில் நோய் மிச்சம் இருந்தால் இரண்டாவது அலை எழும். அடுத்த ஆண்டு செபாஸ்டியன் ஃபங்க் குழு, விழிப்புணர்வு கைமாறும்போது நீர்த்துப்போவதையும் சேர்த்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் வரும் எச்சரிக்கை வேறு, மூன்றாம் கை வழியாக வாட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கை வேறு.

பயத்தின் சமன்பாடு என்ன சொல்கிறது என்பதை ஒரு கணக்கில் காணலாம். ஊர் தினசரி மரணங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மரணம் நாளுக்கு 4 ஆகும்போது மக்கள் தங்கள் பழக்கத்தைப் பாதியாகக் குறைக்கிறார்கள். 8 ஆனால் மூன்றில் ஒன்றாக. 12 ஆனால் நான்கில் ஒன்றாக. பரவல் எண் 2.5 கொண்ட நோய் அந்த ஊரில் எங்கே போய் நிற்கும்? பழக்கம் 2.5 மடங்கு குறையும் இடத்தில், அதாவது நாளுக்கு 6 மரணத்தில். அதற்கு மேல் போனால் மக்கள் ஒடுங்குவார்கள், நோய் இறங்கும். கீழே வந்தால் மக்கள் தளர்வார்கள், நோய் ஏறும். எதிர்ப்புச் சக்தி பரவலாகும்வரை வளைவு அந்த ஆறைச் சுற்றியே மேசை போலக் கிடக்கும். ஊர் இருமடங்கு பயந்த சுபாவம் கொண்டது, 2 மரணத்திலேயே பாதியாக ஒடுங்கும் என்றால், மேசை 3-ல் நிற்கும். அதாவது வளைவின் உயரத்தை வைரஸ் தனியாக நிர்ணயிப்பதில்லை. எத்தனை சாவு வரை பொறுத்துக்கொள்வது என்று ஊர் தனக்குள் சொல்லாமல் வைத்திருக்கும் அளவும் சேர்ந்தே நிர்ணயிக்கிறது. ஜோசுவா வைட்ஸ் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான்: மரணச் செய்திக்கு மக்கள் எதிர்வினை காட்டும் இடங்களில் வளைவு கூரிய மலையாக அமையாமல், பீடபூமியாகவோ தோள்பட்டை போலவோ அமையும்.

பாடநூல் மலையை எதிர்பார்த்திருந்த தமிழ்நாடு 2020-ல் பீடபூமியைத்தான் பார்த்தது. சென்னையில் ஜூன் 30 அன்று ஒரே நாளில் 2,393 பேருக்குத் தொற்று பதிவானது. ஜூன் 19 முதல் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் மறுபடி போடப்பட்ட தீவிர ஊரடங்கு அப்போது நடப்பில் இருந்தது. ஜூலை நடுவில் சென்னையின் எண்ணிக்கை பாதியாக இறங்கியது. அதன் பிறகு அக்டோபர் வரை ஆயிரத்தை ஒட்டியே நகர்ந்தது. பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மாநிலக் கணக்கோ இன்னும் தட்டை. ஜூலை 27 அன்று 6,993-ஐத் தொட்ட பிறகு, ஆகஸ்ட், செப்டம்பர் முழுதும் ஐந்தாயிரத்துச் சொச்சத்திலும் ஆறாயிரத்தை ஒட்டியுமே கிடந்தது. மாலை செய்திக் குறிப்பில் தினமும் ஏறக்குறைய ஒரே எண் வந்ததைப் பார்த்துக் கணக்கையே சந்தேகித்தவர்கள் உண்டு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இல்லை. பரிசோதனைகளின் எண்ணிக்கை ஓர் அளவில் நின்றாலும் பதிவு தட்டையாகும். சென்னை இறங்கும்போது கோவை ஏறினாலும் கூட்டுத்தொகை தட்டையாகும். ஆனாலும் மக்கள் எதிர்வினையைச் சேர்த்த மாதிரி இப்படிப்பட்ட தட்டையை இயல்பாகவே தருகிறது என்பதும், மாறா பீட்டா கொண்ட மாதிரியால் அதைத் தரவே முடியாது என்பதும் முக்கியம்.

பீடபூமி அமைய வேண்டுமானால் எதிர்வினை உடனுக்குடன் இருக்க வேண்டும். நடைமுறையில் அது தாமதமாகிறது. தொற்று ஏறுவதற்கும் மரணம் நிகழ்வதற்கும் இடையே ஏறக்குறைய மூன்று வாரம் ஓடிவிடும். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவச் சராசரியாக ஐந்து நாள் என்றால், அந்த இடைவெளியில் நான்கு தலைமுறைத் தொற்று பிறந்துவிடும். பரவல் எண் 1.5 ஆக இருந்தால், இன்றைய மரணச் செய்தியைக் கேட்டு மக்கள் ஒடுங்கும்போது தொற்று ஐந்து மடங்கு பெருகியிருக்கும், 2.5 ஆக இருந்தால் 39 மடங்கு. திரும்பும்போதும் அப்படியே. தொற்று எப்போதோ இறங்கியிருக்கும், மரணங்கள் தொடரும், மக்கள் தேவைக்கு மேல் ஒடுங்கியிருப்பார்கள். பிறகு மரணம் குறைந்ததும் ஒரேயடியாகத் தளர்வார்கள். தாமதம் எங்கே இருக்கிறதோ அங்கே அலை இருக்கும். கழிவுநீரில் வைரஸ் அளவைப் பார்ப்பது, காய்ச்சல் முகாம் எண்ணிக்கையை வார்டுவாரியாக வெளியிடுவது போன்ற நடவடிக்கைகளின் கணித மதிப்பு இந்தத் தாமதத்தைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

மக்கள் நோய்க்கு மட்டும் எதிர்வினை காட்டுவதில்லை. அரசாணைக்கும் காட்டுகிறார்கள், அதுவும் ஆணை நடப்புக்கு வருமுன்பே. 2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. நான்கு நாளும் மளிகைக் கடைகூடக் கிடையாது. இடையில் ஒரே நாள். 25-ஆம் தேதி காலை கடைத்தெருக்களில் ஊரே திரண்டது. கூட்டத்தைச் சமாளிக்கக் கடை நேரத்தைப் பிற்பகல் மூன்று மணி வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. இதன் கணக்கு எளிது. சாதாரண நாளின் பழக்கம் ஒன்று என்க. நான்கு நாள் ஊரடங்கில் அது 0.3 ஆகக் குறைகிறது. முந்தைய நாள் நெரிசலில் ஐந்தாக ஏறுகிறது. ஐந்து நாளின் கூட்டுத்தொகை 6.2. ஊரடங்கே போடாமல் விட்டிருந்தால் 5. அதோடு, நெரிசலில் உரசுவது அன்றாடம் பார்க்கும் தெருக்காரர்களோடு அல்ல, ஊரின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த அறியாதவர்களோடு. ஒரு தெருவுக்குள் அடங்கியிருக்கும் நோய்க்கு ஊர் முழுக்க வழி திறப்பது அதுதான்.

ஓராண்டு கழித்து இதே இக்கட்டு திரும்ப வந்தது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டின் ஒருநாள் தொற்று 36,184. அதுவே மாநிலம் கண்ட உச்சம். மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்று அறிவித்த அரசு, முந்தைய இரண்டு நாளும் கடைகளைத் திறந்து வைக்க அனுமதித்தது. மறுபடியும் கூட்டம். ஆனால் இம்முறை ஊரடங்கு நாட்களில் காய்கறியும் பழமும் வண்டிகளில் தெருத்தெருவாக வந்தன. ஆளைச் சந்தைக்கு வரவழைக்காமல் சந்தையை ஆளிடம் அனுப்புவது தொடர்பு வலையின் வடிவத்தையே மாற்றும் காரியம். முன்கூட்டியே வாங்கிக் குவிக்கும் பதற்றத்துக்கும் அது மருந்து. ஒரு வாரம் கடை இருக்காது என்பதுதானே பதற்றத்தின் காரணம்.

நடத்தை என்று சொல்லும்போது அது முழுக்க மனம் சம்பந்தப்பட்டது என்று தோன்றிவிடக் கூடாது. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையும் உண்டு, கண்ணாடி போட்ட ஐ.டி. கட்டடமும் உண்டு. ஐ.டி. ஊழியர் மடிக்கணினியோடு வீட்டுக்குப் போய்விடலாம். லேத்தை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ஊரில் பாதிப் பேர் தங்கள் பழக்கத்தை 70 விழுக்காடும், மீதிப் பாதி 20 விழுக்காடும் குறைக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரிக் குறைப்பு 45 விழுக்காடு. எல்லோரும் சமமாகக் குறைத்திருந்தால் 2.5 என்ற பரவல் எண் 1.4-ஐ ஒட்டி இறங்கியிருக்கும். ஆனால் குறைக்க முடியாதவர்கள் பெரும்பாலும் தங்களைப் போன்றவர்களையே சந்திக்கிறார்கள்: அதே ஷேர் ஆட்டோ, அதே டீக்கடை, அதே ஷிப்டு. ஆளாளின் பழக்கத்துக்கு ஏற்பச் சந்திப்புகள் அமையும் என்று மட்டும் கணக்கிட்டாலே பரவல் எண் 1.66 வரைதான் இறங்கும். சராசரியைப் பார்த்து நிம்மதி அடைந்த திட்டம் இங்கே கோட்டைவிடும். நோய்வாய்ப்பட்ட நாட்களுக்குக் கூலி கொடுப்பது இரக்கத்தின் பாற்பட்டது என்று கருதப்படுகிறது. இந்தக் கணக்கின்படி அது முகக்கவசத்துக்கு நிகரான நோய்த்தடுப்புக் கருவி.

தடுப்பூசியில் நடத்தை வேறொரு முகம் காட்டுகிறது. கிறிஸ் பாச், டேவிட் எர்ன் இருவரும் 2004-ல் இதை விளையாட்டுக் கோட்பாட்டின் வழியாக எழுதினார்கள். பக்கத்தில் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டால் தனக்கு நோய் வரும் வாய்ப்பு குறைவு. அப்போது ஊசியின் சிறு ஆபத்தும் பெரிதாகத் தெரியும். ஒவ்வொருவரும் இப்படி நினைத்தால் தேவையான அளவை ஊர் எட்டவே எட்டாது. தட்டம்மைக்குப் பரவல் எண் 12 முதல் 18 வரை சொல்லப்படுகிறது. அதை நிறுத்தக் குறைந்தது 92 விழுக்காட்டினருக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகள் பரவி, பெற்றோர் பலர் அன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. இயக்கத்தை மார்ச் வரை நீட்டிக்க நேர்ந்தது. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்ததும் இதே பயம் எழுந்தது. அவருடைய மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய ஆய்வுக் குழு பின்னர் முடிவு சொன்னது. ஆனால் அதற்குள் டெல்டா அலை உயர்ந்திருந்தது. மே மாதக் கடைசியில் ஊசி கிடைக்காமல் மக்கள் மையங்களில் வரிசையில் நின்றார்கள். ஊசிப் பயத்தை நோய்ப் பயம் முந்தியது. எப்ஸ்டீன் மாதிரியின் இரண்டு தொற்றுகள் ஆறே வாரத்தில் இடம் மாறிக்கொண்டதைத் தமிழ்நாடு நேரில் பார்த்தது.

இவ்வளவு பேசிய பிறகும் ஒரு தொல்லை தீரவில்லை. தொற்று எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பீட்டாவின் இரு பாதிகளைப் பிரிக்க முடியாது. பரவல் இறங்கினால் மக்கள் ஒடுங்கியதாலா, எதிர்ப்புச் சக்தி வந்ததாலா, பரிசோதனை குறைந்ததாலா? வளைவு மூன்றுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். வேறு சாட்சிகள் தேவை. அவற்றில் ஒன்று ரத்தம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே அயப்பாக்கத்தில் இருக்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப் பிரிவையும் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்து 1999-ல் உருவான இது, 2020–21-ல் நாடு தழுவிய ரத்தப் பரிசோதனை ஆய்வுகளை முன்னின்று நடத்தியது. சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து 2020 ஜூலையில் 12,405 பேரிடம் மாதிரி எடுத்ததில் 21.5 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பான்கள் இருந்தன. நகரில் ஏறக்குறைய 15 லட்சம் பேருக்கு நோய் வந்துபோனதாக அதற்குப் பொருள். அன்று பதிவேட்டில் இருந்தவர்களோ ஒரு லட்சத்தைத் தொடவில்லை. அக்டோபரில் அது 32 விழுக்காடு. 2.5 என்ற பரவல் எண்ணுக்குத் தேவையான 60 விழுக்காட்டுக்கு அது வெகு தூரம். ஆகவே அந்த ஆண்டுக் கடைசியில் சென்னை அமைதியானதில் எதிர்ப்புச் சக்தியின் பங்கு பாதிதான். மீதியை மக்கள் சுமந்தார்கள். மக்கள் இறக்கி வைத்தால் அது திரும்ப வரும்.

2021-ல் திரும்பவும் வந்தது, கூடவே அதிக வேகம் கொண்ட டெல்டாவோடு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த சூப்பர்மாடல் குழு, உச்சம் கடந்துவிட்டது, 2021 பிப்ரவரிக் கடைசிக்குள் தொற்று மிகக் குறைந்த அளவுக்கு வந்துவிடும் என்று 2020 அக்டோபரில் கணித்திருந்தது. பிப்ரவரி வரை கணிப்பு ஏறக்குறைய சரி. முன்னெச்சரிக்கைகளைக் கைவிடாமல் தொடர்ந்தால் என்ற நிபந்தனை அந்தக் கணிப்போடு சேர்ந்தே வந்தது. செய்தியாகப் பரவியபோது முடிவு மட்டும் தங்கியது. லண்டன் இம்பீரியல் கல்லூரி 2020 மார்ச்சில் பிரிட்டனில் 5,10,000 மரணம் என்று கணித்ததும் ‘யாரும் எதையும் மாற்றிக்கொள்ளாவிட்டால்’ என்ற நிபந்தனையோடுதான். அந்த எண்ணைக் கேட்டே அரசும் மக்களும் மாறினார்கள், எண் நிறைவேறவில்லை, அதனால் கணிப்பு பொய் என்று பிறகு பழித்தார்கள். முன்கணிப்பைக் கேட்கும் மழை தன் போக்கை மாற்றிக்கொள்ளாது, மனிதர்கள் மாற்றிக்கொள்வார்கள். நடத்தையை மாறிலியாக வைத்த மாதிரியை இரண்டு மூன்று வாரத்துக்கு நம்பலாம். அதற்கு மேல் தேதி சொல்லும் எந்த வளைவையும் நிபந்தனை இல்லாமல் ஏற்பது தவறு.

கோட்பாடு முன்னேறிய அளவுக்கு அளவெடுப்பு முன்னேறவில்லை. யார் யாரை எத்தனை முறை சந்திக்கிறார்கள் என்பதை நாட்குறிப்பு எழுதவைத்துத் திரட்டி, 2008-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு எட்டு ஐரோப்பிய நாடுகளில், 7,290 பேரிடம் நடந்தது. 2017-ல் அந்தத் தரவை அடிப்படையாகக் கொண்டு 152 நாடுகளுக்குத் தொடர்பு அட்டவணைகள் கணிக்கப்பட்டன. கொரோனாக் காலத்தில் இந்தியாவுக்கான பல மாதிரிகள் பயன்படுத்தியது அந்த அட்டவணையைத்தான். ஹரியானாவின் பல்லப்கர் கிராமப்புறத்தில் நடந்ததுபோல நேரடி ஆய்வுகள் இங்கே மிகச் சில. ஆவடி மின்சார ரயிலின் பெண்கள் பெட்டி, அம்பத்தூர்ப் பட்டறையின் இரவு ஷிப்டு, பூந்தமல்லியிலிருந்து கிளம்பும் மாநகரப் பேருந்து, திருவேற்காடு கோயிலின் ஆடி மாதக் கூட்டம்: இவை எதுவும் ஐரோப்பிய நாட்குறிப்பில் இல்லை. தொற்றுநோயியல் நிறுவனம் அயப்பாக்கத்தில் இருக்கிறது. பொது சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் பொது சுகாதார நிறுவனம் பூந்தமல்லியில் இருக்கிறது. நோயில்லாத சாதாரண ஆண்டில், சில ஆயிரம் குடும்பங்களிடம் ஒரு வார நாட்குறிப்பு வாங்கினால் இந்தப் பகுதிக்கென்று சொந்தமாக ஒரு பீட்டா கிடைக்கும். அடுத்த தொற்று வந்த பிறகு தொடங்கினால், அப்போது அளக்கப்படுவது பயந்துபோன ஊரின் பழக்கமாகத்தான் இருக்கும். இப்போதே தொடங்க வேண்டும்.